ஆவுளியாவும் ஊராட்சித் தலைவரும்

தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் மனோரா கோபுரத்துக்கு எதிரே கடலில் இறங்கி நடந்தால் வெகுதூரத்துக்கு இடுப்பளவுதான் தண்ணீர். காலுக்கடியில் சேறு, சேற்றில் வேர்விட்டுப் படர்ந்த தாழை, அதாவது கடற்புல். அலை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. முதன்முறை வருகிறவர்கள் "இதென்ன, ஏரி மாதிரி இருக்கு" என்பார்கள். இந்தியாவில் மிச்சமிருக்கும் கடற்பசுக்கள் சுமார் 240 என்பது அரசின் கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கரையில், அதுவும் இந்தப் பாக் விரிகுடாவில்தான் மேய்கின்றன. எங்கள் பக்கத்துக் கடல்காரர்கள் அதை ஆவுளியா என்பார்கள்.

2022 செப்டம்பர் 21 அன்று, வடக்கே அதிராம்பட்டினம் முதல் தெற்கே அம்மாபட்டினம் வரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதலாவது. 2025இல் அபுதாபியில் கூடிய சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) மாநாடும் இதை அங்கீகரித்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்தவன் என்ற முறையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு வந்த நாளில் இருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. கரையில் வரிசையாக இருக்கும் ஊராட்சிகளுக்கு இதில் என்ன வேலை? சென்னையில் இருந்து கடலில் கோடு போட்டுவிடலாம். அந்தக் கோட்டைப் பத்து வருடம் கழித்தும் மதிக்க வைப்பவர்கள் கரையில் இருப்பவர்கள்தான். பாதுகாக்கப்பட்ட கடல் இன்னும் விரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். உள்ளாட்சியை உள்ளே கொண்டுவராமல் அது நடக்காது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தாழையைப் பற்றிக் கொஞ்சம். பாதுகாப்பகத்துக்குள் சுமார் 12,250 ஹெக்டேர் தாழைப் படுகை இருப்பதாக அரசு சொல்கிறது. ஒரு ஆவுளியா நாளுக்கு முப்பது கிலோவுக்கு மேல் தாழை தின்னும். மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒரு முறைதான் கன்று போடும். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி என்பதால் வலையில் சிக்கினால் சீக்கிரமே செத்துப்போகும். வருடத்துக்கு இரண்டு மூன்று வலையில் போனால்கூட அந்தக் கூட்டம் மீண்டு வருவது கஷ்டம்.

ஆனால் தாழை ஆவுளியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. இறாலும் கணவாயும் நீலக்கால் நண்டும் குஞ்சாக வளர்வது அங்கேதான். மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கரையில் நண்டு வலை பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வல்லம் என்கிற நாட்டுப்படகு வந்ததும் வலையைக் குவியலாக இறக்கிப் பந்தலடியில் போடுவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு நண்டாக எடுப்பார்கள். காலை உடைக்காமல் எடுக்க வேண்டும், உடைந்தால் ஏலத்தில் விலை இறங்கிவிடும். நைலான் இழையைக் கொடுக்குக்கு அடியில் இருந்து நகத்தால் நெம்பி, முதுகுப்பக்கமாகத் திருப்பி, ஒரே இழுப்பு. எடுத்த நண்டை அளவு பார்த்துத் தனித்தனிக் கூடையில் போட்டபடியே பேச்சும் நடக்கும். அன்றைக்கு வலையில் நண்டைவிடத் தாழைதான் அதிகம். ஒரு அம்மா ஒரு கொத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பச்சை இலை, அடியில் வெள்ளை வேர், வேரில் இன்னும் சேறு.

"வேரோட வந்திருக்கு பாருங்க தம்பி. எங்க வலை இப்படிப் பிடுங்காது. போட்டு அரைச்சிட்டுப் போனது மிதந்து வந்து மாட்டியிருக்கு."

போட்டு என்றால் விசைப்படகு. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுவைமடி போடக் கூடாது என்பது 1983ஆம் வருடச் சட்டம். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மீதி நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடும் உண்டு. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. இத்தனையும் ஏட்டில் இருக்கும்போதுதான் அந்தக் கொத்து வேரோடு வந்திருந்தது.

சரி, பாதுகாப்பகம் என்று அறிவித்ததால் என்ன மாறும்? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 36-ஏ பிரிவின் கீழ்தான் இதை அறிவித்திருக்கிறார்கள். தேசியப் பூங்கா, சரணாலயம் போன்றவற்றுக்கு இருக்கும் கெடுபிடி இந்த வகைக்குக் கிடையாது. உள்ளூர் மக்களைக் கலந்து பேசிய பிறகே அறிவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மீனவர்களுக்குப் புதிய தடை எதுவும் வராது என்றும் முடிவெடுப்பதில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு இருக்கும் என்றும் அரசும் அப்போது தெளிவாகச் சொன்னது. நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். மக்கள் நெருக்கமாக வாழும் கரையில் இதைத் தவிர வேறு எதுவும் நிலைக்காது.

அடுத்த பிரிவான 36-பி தான் எனக்கு முக்கியம். பாதுகாப்பகத்தை நிர்வகிப்பதில் ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைக்க வேண்டும். வனத்துறை அலுவலர் அதன் உறுப்பினர்-செயலர். தன்னார்வ அமைப்புகளில் இருந்து மூன்று பேர். வேளாண்மைத் துறை, கால்நடைத் துறையில் இருந்து ஒவ்வொருவர். அதோடு, பாதுகாப்பகம் எந்தெந்த ஊராட்சியின் எல்லையில் வருகிறதோ அந்த ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி. சட்டத்தின் வரியில் மீன்வளத்துறையின் பெயர் இல்லை. 2002இல் இந்தத் திருத்தத்தை எழுதியவர்கள் காட்டையும் மேய்ச்சலையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள், கடல் அவர்கள் நினைப்பில் இல்லை. அப்படியிருந்தும் ஊராட்சியை மட்டும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்களே, அதுவே பெரிது.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடலுக்குள் எந்த ஊராட்சிக்கு எல்லை? வருவாய்க் கிராமத்தின் எல்லை கரையோடு முடிந்துவிடும். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குத் தரலாம் என்று சொன்ன 29 பொறுப்புகளில் ஐந்தாவது மீன்வளம். வேளாண்மைக்கும் கால்நடைக்கும் அடுத்தே வருகிறது. அட்டவணையில் இடம் கொடுத்தார்கள், கடலில் ஒரு முழம்கூடக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு கடல் மைல் வரைக்கும் மாநில அரசு, அதற்கு அப்பால் ஒன்றிய அரசு. வலை உலர்த்தும் மணல் ஊராட்சியுடையது, வலை போடும் தண்ணீரில் அதற்கு வாய்ச்சொல்கூடக் கிடையாது.

இது கிராம சபைகளிலும் தெரியும். கடலோர ஊர் ஒன்றின் கிராம சபைக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட வளாகத்தில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசையில் தீர்மான நோட்டு. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை பாக்கி, வடிகால் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஊரில் பாதிக்கு மேல் கடலை நம்பிப் பிழைக்கிறது. பொருள் பட்டியலில் கடல் என்ற சொல்லே வரவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, "இந்த ஆவுளியா காப்பகம்னு சொல்றாங்களே, நாளைக்கு வலையே போடக்கூடாதுன்னு வந்து நிப்பாங்களா?" என்று கேட்டார். மேசையில் இருந்தவர்களுக்குப் பதில் தெரியவில்லை. "அது ஃபாரஸ்ட்காரங்க விஷயம் மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். பெரியவரின் பயத்துக்கு அரசிடம் ஏற்கெனவே நல்ல பதில் இருந்தது. அதை அவரிடம் கொண்டு சேர்க்க வேண்டிய இடம் அந்த மேசைதான்.

அவருடைய பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவில் நடந்தது கரை முழுக்கத் தெரியும். 1986இல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துச் சுமார் 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தப் பவளப்பாறைகள் காப்பாற்றப்பட வேண்டியவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துவந்த ராமநாதபுரம் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தை மீறுகிறவர்கள் ஆனார்கள். கைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகக்கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி எடுக்கிற வேலை அது. அதற்கு அபராதமும் விரட்டலும் கிடைத்தன.

அந்தப் பெண்கள் செய்ததுதான் என்னை அசர வைக்கிறது. பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். தடைக்காலத்தில் பாசியையும் வளர விட்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு இதற்காக 2015இல் சீக்காலஜி என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் பரிசு கிடைத்தது. பூங்கா அறிவிப்பு எழுதும்போதே இவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால் எத்தனை வருடச் சண்டை மிச்சமாகியிருக்கும்!

இந்த விஷயத்தில் நாம் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய நாடு பிலிப்பைன்ஸ். அங்கே கரையில் இருந்து 15 கிலோமீட்டர் வரை கடல் நகராட்சிக்குச் சொந்தம். அதாவது நம் ஊராட்சி ஒன்றியம் அளவில் இருக்கும் உள்ளாட்சிக்கு. 1991ஆம் வருட உள்ளாட்சிச் சட்டமும் 1998ஆம் வருட மீன்வளச் சட்டமும் இதை உறுதி செய்தன. கடலோர நகராட்சிகள் தங்கள் பகுதியில் முடிந்தவரை குறைந்தது 15 சதவீதத்தை மீன் சரணாலயமாக ஒதுக்க வேண்டும் என்றும் 1998 சட்டம் சொல்கிறது. இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கடல் காப்பகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை உள்ளூர்த் தீர்மானத்தில் பிறந்தவை.

இதற்கெல்லாம் முன்னால் இரண்டு தீவுகளில் நடந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஏஞ்சல் அல்காலா என்ற உயிரியலாளர், சில்லிமான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், 1974இல் செபு மாகாணத்தின் சுமிலோன் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் கால்பங்கில் மீன்பிடிப்பதை நிறுத்த வைத்தார். ஓஸ்லோப் நகராட்சி அதற்கு ஒப்புக்கொண்டது. பத்து வருடம் நன்றாகப் போனது. மீதி முக்கால் பங்கில் மீன் பெருகியது. பிறகு உள்ளூர் அரசியல் மாறியது. புதிதாக வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகக்காரர்கள் சொல்லி நாம் கேட்பதா என்ற எண்ணம். 1984இல் காவல் போனது, பாறை முழுவதும் வலை இறங்கியது. சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 37 டன்னாக இருந்த மீன்பாடு இரண்டே வருடத்தில் 20 டன்னாக விழுந்தது. மீன்பிடிக்கத் திறந்த இடம் கூடியது, கிடைத்த மீன் கிட்டத்தட்டப் பாதியானது. மூடிவைத்த கால்பங்குதான் மற்ற முக்கால் பங்குக்கும் மீன் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை உலகத்துக்குக் காட்டிய முதல் கணக்குகளில் இதுவும் ஒன்று. பத்து வருடக் காவல் ஒரு உள்ளூர் அரசியல் மாற்றத்தோடு போனது என்பதுதான் எனக்கு இதில் உறைக்கிற செய்தி.

இன்னொரு தீவு ஆப்போ, நீக்ரோஸ் ஓரியண்டல் மாகாணத்தில் டாவின் நகராட்சிக்கு உட்பட்டது. அல்காலாவும் கூட்டாளிகளும் அங்கே முதலில் தீவுக்காரர்களிடம் பல நாள் பேசினார்கள். அவர்களைச் சுமிலோனுக்கே கூட்டிப்போய் மீனைக் காட்டினார்கள். 1982இல் தீவுக்காரர்கள் சுமார் 450 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டுக் கரையை ஒதுக்கிக் காவலை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். சில வருடங்களில் டாவின் நகராட்சி அதைச் சட்டமாக்கியது. ஆப்போ நின்றுவிட்டது. அதைப் பார்த்துப் பக்கத்து ஊர்கள், பிறகு பக்கத்து மாகாணங்கள், பிறகு நாடே பின்தொடர்ந்தது. அல்காலாவுக்கு 1992இல் மகசேசே விருது கிடைத்தது.

இந்தக் கதைக்கு ஒரு கசப்பான பின்பகுதியும் உண்டு. 1994இல் ஆப்போ தேசிய அளவிலான பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. கௌரவம்தான். ஆனால் நிர்வாகம் தேசியச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒரு வாரியத்துக்குப் போனது. சுற்றுலாக் கட்டணம் மேலே போய்த் திரும்பி வருவதற்குள் தாமதம். காவலிருந்த தீவுக்காரர்கள் தங்களைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்கள் என்று மனம் வெறுத்தார்கள். அப்போது சுற்றுச்சூழல் துறைச் செயலராக இருந்தவர் அதே அல்காலாதான். நல்ல மனிதர், நல்ல நோக்கம், நல்ல சட்டம் எல்லாம் இருந்தும் பிடி மேலே போனதும் கீழே இருந்தவர்களின் ஆர்வம் வடிந்தது. ஐயூசிஎன் அங்கீகாரம் கிடைத்த மகிழ்ச்சியில் நாம் இருக்கும் இந்த நேரத்தில் நான் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

நம் ஊராட்சிகளுக்கு 15 கிலோமீட்டர் கடலை எழுதிக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குச் சட்டமே மாற வேண்டும், அது நெடுங்கதை. இருக்கிற சட்டத்திலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 36-பி குழுவில் கரையோர ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்து, எல்லை கரையோடு முடிகிறதே என்ற சாக்கைச் சொல்லாமல், வருடத்துக்கு நாலு முறையாவது கூட்ட வேண்டும். அதுவும் மனோராவிலோ கட்டுமாவடியிலோ கூட்ட வேண்டும், மாவட்டத் தலைநகரில் வேண்டாம். கடலுக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நாளாகப் பார்த்து வைக்க வேண்டும். மீன்வளத்துறையையும் உட்கார வைக்க வேண்டும். மீனவர் கிராமப் பஞ்சாயத்துகளும் ஜமாஅத்துகளும் கடலில் எந்த வலை எப்போது என்று இன்றும் முடிவெடுக்கின்றன. கிழிந்த வலைக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுப்பதும் அவர்கள்தான். அவர்களைச் சேர்க்காமல் ஊராட்சித் தலைவரை மட்டும் கூப்பிட்டால் அவரும் கையைப் பிசைந்துகொண்டுதான் இருப்பார்.

பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்த ஊரின் உயிர்வளத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்தத் திசையில் தாழை அடர்த்தி, எந்த மாதம் ஆவுளியா கண்ணில் படும், எங்கே தாழை போய்ச் சேறு மட்டும் மிஞ்சியது என்பதெல்லாம் கடலுக்குப் போகிறவர்களுக்கு மனப்பாடம். இதை ஊர் நோட்டில் ஊர்க்காரர்களே எழுதினால், நாளைக்குப் பாதுகாப்பகத்தை விரிக்கும்போது எங்கே விரிக்க வேண்டும் என்று வெளியூரில் இருந்து ஆள் வந்து சொல்ல வேண்டியதில்லை.

கிராம சபைத் தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024இல் அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊர் தனக்கென்று நினைத்ததை ஊர் காப்பாற்றும்.

பணத்தையும் பேச வேண்டும். கரையில் ஒதுங்கும் பிய்ந்த வலையையும் பிளாஸ்டிக்கையும் அள்ளுவது, அலையாத்தி நடுவது, தாழை அழிந்த இடத்தில் திரும்ப நடுவது எல்லாமே கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைகள். மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் தாழை நாற்றைச் செருகி, கடலடியில் வைக்கும் முறை இந்தக் கரையிலேயே செய்து பார்க்கப்பட்டது. மூங்கிலும் கயிறும் கையும் எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். கஜா புயலில் தென்னையை இழந்த ஊர்கள் இவை, ஒரு நாள் கூலியின் அருமை தெரிந்தவை. பாதுகாப்பகத்துக்கு வரும் நிதியில் ஒரு பங்கு நேராக ஊராட்சிக் கணக்குக்கு வந்து, கிராம சபையில் கணக்குப் படிக்கப்பட்டால், அந்த மேசையில் "ஃபாரஸ்ட்காரங்க விஷயம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இத்தனையும் சொல்லும்போது தொண்டையில் மாட்டுவது ஒன்றே ஒன்று. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் அதில் அடக்கம். தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. அவர்கள் நேர்மையாகவே வேலை பார்க்கலாம். ஆனால் தனி அலுவலரிடம் அந்தப் பெரியவர் போய் "எங்க வலையை நிறுத்துவீங்களா" என்று கேட்க முடியாது, கேட்டாலும் அவருக்கு ஓட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஊராட்சிக்கு ஒரு பிரதிநிதி என்று சட்டம் சொன்ன நாற்காலியில் ஊர்க்காரர் உட்கார வேண்டுமென்றால் முதலில் தேர்தல் வேண்டும்.

உலக நாடுகள் 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பதாக 2022 டிசம்பரில் மாண்ட்ரியாலில் ஒப்புக்கொண்டன. அதில் இந்தியாவும் உண்டு. அம்மாபட்டினத்துக்குத் தெற்கேயும் கடல் இருக்கிறது, தாழை இருக்கிறது, ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியாது. இன்று இல்லாவிட்டால் நாளை அந்தப் பக்கமும் கோடு நீளும், நீள வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் கரை ஊராட்சி ஒவ்வொன்றிலும் கிராம சபையைக் கூட்டி, வரைபடத்தைச் சுவரில் மாட்டி, எந்தத் தொழிலுக்கு எந்தத் தடையும் இல்லை, எதற்கு உண்டு என்று தமிழில் எழுதிக் கொடுத்து, நண்டு வலை பிரிக்கும் பெண்களையும் பேச விட்டு, அவர்கள் சொல்வதைத் தீர்மான நோட்டில் ஏற்றிய பிறகு அறிவிப்பை வெளியிடட்டும். தேர்தல் வரும்போது சேதுபாவாசத்திரம், மணமேல்குடிப் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நீங்களும் கேளுங்கள்: பாதுகாப்பகக் குழுவில் நம் ஊருக்கு யார் உட்காரப் போகிறார்கள்? போய்வந்து ஊரில் என்ன சொல்வார்கள்?